நலமுரண் இலக்கணம்: மூன்று டிகிரி முதல் முப்பது டிகிரி வரை

பாயிரம்

பாயிரம் இல்லாத நூலைப் புலவர்கள் நூலென்று ஒப்புவதில்லை. ஆகவே முதலில் அது.

இந்நூல் நுதலும் பொருள் நலமுரண். விக்கிப்பீடியாவில் ஒருவர் தமக்கு ஆதாயமோ நட்டமோ, உறவோ பகையோ உள்ள ஒன்றைப் பற்றி எழுதும்போது, படிப்பவருக்கு வேண்டியதும் எழுதுபவருக்கு வேண்டியதும் ஒரே வாக்கியத்துக்குள் இடம்பிடிக்க முண்டுகின்றனவே, அந்த நிலைக்கு இப்பெயர். பயில உரியார், 'தொகு' என்ற பொத்தானைக் கண்டதும் கை அரிப்பவர் அனைவரும். பயின்றால் அரிப்பு நிற்காது. எங்கே சொறியக் கூடாது என்பது மட்டும் விளங்கும்.

இலக்கணம் என்றால் எடுத்துக்காட்டு வேண்டும். இந்நூலுக்கு எடுத்துக்காட்டு மரக்காணம்: புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள விழுப்புரம் மாவட்டத்துப் பேரூராட்சி. ஓர் ஊரின்மேல் எத்தனை பேருக்கு எத்தனை விதமாக அக்கறை இருக்க முடியுமோ அத்தனையும் இங்கே உண்டு. உப்பளம் உண்டு, அதைக் குத்தகைக்கு எடுத்தவர் உண்டு, அதில் கூலிக்கு உப்பு வாருபவர் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட பூமீசுவரர் கோயில் உண்டு. ஆந்திரத்திலிருந்து சென்னை வழியே வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கேதான் முடிகிறது. அருகிலுள்ள கழுவேலி ஏரி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மீனவர் குப்பங்கள் உண்டு. கடலைக் காட்டிக் காசு வாங்கும் விடுதிகளும் உண்டு. போதாக்குறைக்கு, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு பழைய கிரேக்கக் கடற்பயணக் கையேடான பெரிப்ளூஸ் குறிப்பிடும் 'சோபட்மா' துறைமுகம் மரக்காணமே என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

கீழே வரும் சாத்தனும் கொற்றனும், இலக்கண உரைகளில் காலங்காலமாகச் சம்பளமின்றி உழைத்துவரும் அதே சாத்தனும் கொற்றனும்தான். அவர்களை மரக்காணத்தில் தேட வேண்டாம். ஆண்டும் பெயருமாக வருபவை மட்டும் நடந்தவை என்று கொள்க.

அளவை இயல்

உவர்ப்பு இலா நீரில் உப்பு விளையாது.

இது முதல் நூற்பா. இதற்கு உரை: உப்பளத்தில் நீரின் அடர்த்தியை மிதவைக் கருவி ஒன்றால் அளப்பார்கள். அளவின் பெயர் போமே டிகிரி. கடல்நீர் சுமார் 3 டிகிரி. அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிட டிகிரி ஏறும். வழியில் ஜிப்சம் படியும். சுமார் 25இல் உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30ஐத் தாண்டவிட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து, வாரிய உப்பு கசக்கும், ஈரம் கோக்கும். அதனால் அதற்கு முன்பே மிஞ்சிய கசப்பு நீரைத் திறந்துவிடுவார்கள்.

நலமுரணுக்கும் இதே அளவுகோலைக் கடன் வாங்குகிறோம். 'உமக்கு இதில் நலன் உண்டா, இல்லையா' என்று கேட்பவர் இன்னும் முதல் பாடம் படிக்காதவர். எத்தனை டிகிரி என்று கேட்பதே முறை. ஏனெனில் சுழி டிகிரியில் எவரும் எழுதுவதில்லை. மரக்காணத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் தூக்கத்தை விட்டு அந்த ஊர்க் கட்டுரையைத் திருத்த உட்காரமாட்டார்.

வகை இயல்

முதல் வகை, ஊரார். 3 டிகிரி.

மரக்காணத்துச் சாத்தன் தன் ஊர்க் கட்டுரையைத் திறந்து, 'இயற்கை எழில் கொஞ்சும்' என்று முதல் வரியில் சேர்க்கிறான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அடுத்தவர் வந்து அந்த மூன்று சொல்லை எடுத்துவிட்டால் தீர்ந்தது. உப்புக் குவியல்களைப் படமெடுத்து ஏற்றியவனும், பேருந்து நிலையம் எங்கே என்று எழுதியவனும் இதே சாத்தன்தான் என்பதை மறக்கலாகாது. தமிழ் விக்கிப்பீடியாவே இந்த 3 டிகிரி நீரில் எழுந்ததுதான். 2003இல் தொடங்கியபோது அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் முதன்மையானவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தவர், வேலை பார்த்தது அமீரகத்தில். காசு வாங்காமல் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் எழுதினார். கட்டுரைகளின் எண்ணிக்கை 2017 மே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தொட்டது. மொழிமேல் அன்பு இருந்ததனால் எழுதியவர்களை, அன்பு இருக்கிறது என்பதற்காக விலக்கினால் மிஞ்சுவது வெற்றுப் பக்கம்.

இரண்டாம் வகை, பெருமையர். 8 முதல் 12 டிகிரி.

'சோபட்மா மரக்காணமாக இருக்கலாம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்' என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். பெருமையர் வந்ததும் 'கருதுகின்றனர்' காணாமல் போகும். அடுத்தவர் வந்ததும் 'ஆய்வாளர்' காணாமல் போவார்கள். மூன்றாமவர் கைபட்டால் ரோமானியக் கப்பல்கள் பூமீசுவரர் கோயில் வாசலிலேயே நங்கூரம் போடும். இவ்வகையார் கைபட்ட ஊர்களின் வயது ஒவ்வொரு தொகுப்புக்கும் நூறு ஆண்டு கூடும். மருந்து எளிது: யார் சொன்னது, எந்த நூலில், மறுத்தவர் உண்டா என்று கேட்பது.

பெருமையருக்கு ஒரு தலைகீழ் உட்பிரிவு உண்டு, அவர் மறைப்பர். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 'ஊருக்குக் கெட்ட பெயர்' என்று அந்தப் பத்தியை நீக்க ஒருவருக்குக் கை வரும். சேர்ப்பதைவிட நீக்குவதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனெனில் இல்லாத பத்தியை எவரும் படிப்பதில்லை. ஆகவே மறைப்பருக்குப் பெருமையரைவிட 2 டிகிரி கூட்டிக்கொள்க.

மூன்றாம் வகை, கொள்கையர். 15 டிகிரி.

கழுவேலிப் பறவைகளை நேசிப்பவர் உப்பளத்தைப் பற்றி எழுதினால் பூநாரை வரும், கூலி வராது. உப்பளக் குத்தகைதாரர் எழுதினால் டன் கணக்கு வரும், பறவை வராது. இருவரும் பொய் சொல்லவில்லை; ஆளுக்குப் பாதி உண்மையைச் சொல்கிறார்கள். இருவரையும் ஒரே உரையாடல் பக்கத்தில் உட்காரவைத்தால் முழுக்கட்டுரை கிடைக்கும். ஒருவரையே விட்டுவைத்தால் துண்டறிக்கைதான் கிடைக்கும்.

இவ்வகையின் முற்றிய வடிவம் சாதிக் கட்டுரைகளில் காணப்படும். அங்கே எல்லாரும் அரச மரபினர். எழுதப்படும் அத்தனையையும் நம்பினால், பண்டைத் தமிழகத்தில் ஆண்டவர்கள் மட்டுமே இருந்தார்கள், ஆளப்பட்டவர் எவருமில்லை என்று முடிவுகட்ட வேண்டிவரும்.

நான்காம் வகை, துறையர். டிகிரி இடத்துக்கு இடம் மாறும்.

கொற்றன் உப்பளத்தில் வேலை செய்கிறான். எத்தனை டிகிரியில் எந்தப் பாத்திக்கு நீர் மாற்றுவது என்று அவன் எழுதினால் அது அறிவு. ஊரார் வகையோடு சேர்த்துக் கணக்கிடுக. தன் முதலாளியின் உப்பே தமிழகத்தில் வெள்ளையான உப்பு என்று எழுதினால் அதே கொற்றன் 25ஐத் தாண்டிவிடுகிறான். மருத்துவர் நோயைப் பற்றி எழுதலாம், தம் மருத்துவமனையைப் பற்றி எழுதினால் யோசிக்க வேண்டும். ஆய்வாளர் கல்வெட்டைப் பற்றி எழுதலாம், அடிக்குறிப்பெல்லாம் தம் நூலாகவே இருந்தால் யோசிக்க வேண்டும். துறையறிவு உள்ளவர்களை 'உமக்கு நலன் உண்டு' என்று விரட்டுவது அறியாதவரை மட்டும் எழுதவிடுவதாகும். இது மிகப் பெரிய பிழை என்க.

ஐந்தாம் வகை, தன்னெழுத்தர். 25 டிகிரி. உப்பு பூக்கும் இடம்.

தம்மைப் பற்றித் தாமே எழுதுபவர். 'கவிஞர், சிந்தனையாளர், சமூக ஆர்வலர், தொழிலதிபர், பன்முக ஆளுமை' என்று தொடங்கும் கட்டுரை கண்டால், யார் தொகுத்தார் என்று காட்டும் வரலாற்றுத் தாவலைத் திறக்காமலே எழுதியவரை ஊகிக்கலாம். இவர்களை எள்ளி நகையாடுவதற்கு முன் ஒன்றை நினைக்க. விக்கிப்பீடியாவைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸே தம் வாழ்க்கைக் கட்டுரையில் கைவைத்தார் என்பது 2005 டிசம்பரில் வெளிவந்தது. அத்திட்டத்தைத் தோற்றுவித்ததில் லாரி சாங்கருக்கு இருந்த பங்கைக் குறைக்கும் மாற்றங்கள் அவற்றுள் இருந்தன. பிறகு அதற்காக வருந்துவதாக அவர் சொன்னார். விதியை வகுத்தவருக்கே கை அரித்தது என்றால், முதல் கவிதைத் தொகுப்பு போட்டவருக்கு அரிக்காதா?

கணவர், மனைவி, மகன், மருமகன், மாணவர், உதவியாளர், ரசிகர் மன்றச் செயலாளர் ஆகியோரையும் இதில் அடக்குக. மருமகனுக்கு அரை டிகிரி தள்ளுபடி தரலாமா என்பதில் புலவர்களிடையே கருத்தொற்றுமை இல்லை.

ஆறாம் வகை, உப்பிட்டவரை நினைப்போர். 27 டிகிரி.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள், சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தைப் பற்றி நடுநிலையாக எழுதுவது எப்படி? எழுத முடியாது என்பதனாலேயே 2014 ஜூனில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை தன் பயன்பாட்டு விதிகளைத் திருத்தியது. காசு வாங்கி எழுதுபவர் தம் முதலாளி யார், வாடிக்கையாளர் யார், தமக்குள்ள தொடர்பு என்ன என்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இவ்விதியால் இவ்வகை, சொன்னார் என்றும் சொல்லார் என்றும் இரண்டாகப் பிரியும்.

சொன்னாருக்குத் தமிழிலேயே, இவ்விதிக்கு முந்தைய பெரிய எடுத்துக்காட்டு உண்டு. கூகுள் நிறுவனம் 2009 வாக்கில் தொடங்கி, கூலிக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தி, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் முதலிய இந்திய மொழிகளுக்கு ஏற்றியது. அவர்கள் எவரையும் புகழவில்லை, எதையும் மறைக்கவில்லை. சிக்கல் வேறு: எந்திர நெடி அடிக்கும் நடை, தமிழ் வாசகர் கேட்காத தலைப்புகள், உரையாடல் பக்கத்தில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாமை. கட்டுரைக்குக் கூலி என்றால், ஏற்றி முடித்ததும் கட்டுரையோடு உறவு முடிந்துவிடுகிறது. வங்காள விக்கிப்பீடியர் இம்முயற்சியை ஏற்க மறுத்தார்கள். தமிழ் விக்கிப்பீடியர் உட்கார்ந்து பேசினார்கள், தலைப்புகளைத் தாங்கள் தருவதாகச் சொன்னார்கள், தரத்தை மதிப்பிட்டார்கள். 2010இல் போலந்தின் கிதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அவர்களில் ஒருவரான அ. ரவிசங்கர் அந்த மதிப்பீட்டை உலகத்தின் முன் வைத்தார். பேச முடிந்தது எதனால்? எதிரே இருப்பவர் யார் என்று தெரிந்ததனால்.

பரிசுக்கு எழுதுவோர் இவ்வகையின் கிளை. 2010 செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசுடன் சேர்ந்து மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடந்தது. 2018இல் கூகுள் துணையோடு வேங்கைத் திட்டம் என்ற கட்டுரைப் போட்டி நடந்தது. பரிசு எந்தப் பக்கமும் சாயச் சொல்வதில்லை, நீளச் சொல்கிறது. ஆகவே 10 டிகிரி போதும்.

ஏழாம் வகை, கைப்பாவையர். 30 டிகிரி. கசப்பு நீர்.

சொல்லார் வகை முற்றினால் இது. ஒருவரே பல பெயரில் வந்து, ஒரு பெயரால் எழுதி, மறுபெயரால் 'அருமையான கட்டுரை' என்று மெச்சி, மூன்றாம் பெயரால் வாக்களிப்பார். 2013இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் விக்கி-பிஆர் என்ற நிறுவனத்தோடு தொடர்புடைய இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கணக்குகள் பிடிபட்டன. 2015இல் 'ஆரஞ்ச்மூடி' என்று பெயர்பெற்ற வலையில் 381 கணக்குகள் முடக்கப்பட்டன. இரண்டாவது கூட்டத்தார் செய்தது தனிக்கலை. நிராகரிக்கப்பட்ட வரைவுகளைத் தேடிப்பிடித்து, சிறு தொழில் நடத்துபவர்களிடம் நிர்வாகிபோல் பேசி, காசு கொடுத்தால் கட்டுரை வரும் என்றார்கள். வந்தபின் அது நீக்கப்படாமல் காப்பதற்கும் காசு கேட்டார்கள். கடற்கரையில் நாலு அறை விடுதி கட்டி, அதைப் பற்றி எழுதிய வரைவு திரும்பிவந்த சோகத்தில் இருக்கும் கொற்றனுக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் நம்பிவிடுவான். ஆகவே சொல்கிறோம்: விக்கிப்பீடியாவில் கட்டுரை வெளியிடக் கட்டணம் கிடையாது. கேட்பவர் எவராயினும் ஏய்ப்பவர்.

எட்டாம் வகை, வேலியாய் நின்று மேய்வோர். அளவுகோல் எட்டாத இடம்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் வைஃபைஒன் என்ற பெயரில் ஒருவர் நிர்வாகியாகவே இருந்தார். இந்தியத் திட்டமிடல் மேலாண்மை நிறுவனம் எனப்பட்ட ஐஐபிஎம் பற்றிய கட்டுரையில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நெடுங்காலம் தொகுத்துவந்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2015 பிப்ரவரியில் அங்குள்ள நடுவர் குழு அவருடைய நிர்வாக அணுக்கத்தைப் பறித்து அவரைத் தடை செய்தது. அதற்கிடையே அக்கட்டுரையைப் படித்துவிட்டுக் கல்லூரி தேர்ந்த மாணவர் எத்தனை பேரோ! நலமுரண் வாசகரின் சட்டைப்பையில் கைவைக்கும் விவகாரம் என்பதற்கு இந்தியாவில் இதைவிடத் தெளிந்த சான்று தேவையில்லை.

அறிகுறி இயல்

நோய்முதல் நாடுவோர் பின்வருவன காண்க. பெயரடை வீக்கம்: 'புகழ்பெற்ற', 'முன்னணி', 'தலைசிறந்த'. ஒரே கட்டுரையைத் தவிர உலகில் வேறெதையும் தொடாத கணக்கு. நிறுவனத்தின் பெயரே பயனர் பெயராக இருத்தல். நிழற்பட நிலையத்தில் எடுத்த படத்துக்கு 'சொந்தப் படைப்பு' என்ற குறிப்பு. சான்றுகள் அனைத்தும் நிறுவனத்தின் சொந்த இணையதளம். இவற்றுள் தலையாயது, விமர்சனப் பத்தி முழுவதையும் தூக்கிவிட்டுத் தொகுப்புச் சுருக்கத்தில் 'எழுத்துப்பிழை திருத்தம்' என்று எழுதுதல்.

பெயரில்லாமல் வந்தால் தப்பலாம் என்று எண்ணுவோருக்கு: 2007இல் வர்ஜில் கிரிஃபித் என்பவர் விக்கிஸ்கேனர் என்ற கருவியை வெளியிட்டார். பெயரின்றித் தொகுத்தவர்களின் ஐபி முகவரிகளை அது நிறுவனங்களோடு பொருத்திக் காட்டியது. எந்தெந்த அலுவலகக் கணினியிலிருந்து எந்தெந்தக் கட்டுரை மெருகேறியது என்று உலகமே உட்கார்ந்து படித்தது.

ஆனால் அறிகுறி குற்றம் ஆகாது. பெயரடை வீக்கம் நம் பள்ளிக் கட்டுரைப் பயிற்சியின் பக்கவிளைவாகவும் இருக்கலாம். இன்னொருவரின் உண்மைப் பெயரையும் வேலையிடத்தையும் தோண்டியெடுத்து அம்பலப்படுத்துவதை விக்கிப்பீடியா தடுத்திருக்கிறது. இத்தடை தமிழுக்கு இன்னும் பொருந்தும். தொடர்ந்து எழுதுவோர் சில நூறு பேரே உள்ள இடத்தில் ஒருவரை ஒருவர் முகம் பார்த்து அறிவார். தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் ஒரு சொல் தவறி விழுந்தால் ஒரு நல்ல பயனர் போயே போய்விடுவார். தொகுப்பைப் பிடி, ஆளை விடு.

ஒழுகலாற்று இயல்

தொடர்பைச் சொல், பெயரை வைத்துக்கொள்.

இது இரண்டாம் நூற்பா. நலமுரண் உள்ளவர் தம் இயற்பெயரையும் வீட்டு முகவரியையும் எழுத வேண்டியதில்லை. 'இந்த விடுதியில் வேலை செய்கிறேன்', 'இவர் என் மாமனார்', 'இக்கட்டுரைக்கு எனக்குக் கூலி தருகிறார்கள்' என்று பயனர் பக்கத்திலோ உரையாடல் பக்கத்திலோ தொகுப்புச் சுருக்கத்திலோ ஒரு வரி போதும்.

25க்கு மேல் கை எடு, வாய் திற.

இது மூன்றாம் நூற்பா. 25 டிகிரிக்கு மேற்பட்டோர் கட்டுரையில் நேரே கைவைக்காமல் உரையாடல் பக்கத்தில் கேட்க வேண்டும். கேட்பதிலும் முறை உண்டு. 'எங்கள் கட்டுரை சரியில்லை, பார்த்துச் செய்யுங்கள்' என்றால் எவரும் செய்யமாட்டார். எந்த வாக்கியம் தவறு, அதற்குப் பதில் என்ன வாக்கியம், தமக்குத் தொடர்பில்லாத எந்த நாளிதழில் அல்லது நூலில் சான்று உள்ளது என்ற மூன்றையும் எழுதினால், முன்பின் தெரியாத ஒருவர் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார். தமிழில் கவனிப்புப் பட்டியல் வைத்திருப்போர் குறைவு. பதில் வரவில்லை எனில் ஆலமரத்தடியில் ஒரு குரல் கொடுக்கலாம்.

விலக்கு: எழுத்துப்பிழை, அப்பட்டமான விஷமம், உயிரோடிருப்பவர்மேல் சான்றின்றி எழுதிய அவதூறு. இவற்றை எத்தனை டிகிரியாரும் நீக்கலாம், தொடர்பைச் சொல்லிவிட்டு.

கேட்கப்படும் தரப்புக்கும் கடமை உண்டு. ஒழுங்காக வந்து, உண்மையைச் சொல்லி, வரிசையில் நிற்பவரை ஆறு மாதம் நிற்கவைத்தால், அடுத்தமுறை அவர் கைப்பாவையாகத்தான் வருவார். நேர்மைக்குப் பதில் சொல்லாத இடத்தில் கள்ளத்தனம் மலிவு.

புறனடை

மேற்சொன்னவற்றில் அடங்காதது ஒன்று உண்டு. அது, நலன் இருந்தும் எழுத வராததால் கட்டுரையில் சுழியாகவே நிற்கும் டிகிரி. மரக்காணத்து உப்பளத்தில் வெயிலில் நின்று, வெண்மை கண்ணைக் கூச, உவர்நீரில் பாதம் வெடிக்க உப்பு வாரும் பெண்ணுக்கு, உப்பளக் கட்டுரையில் எல்லாரையும்விடப் பெரிய நலன் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்தி நிரம்பி வேலை நிற்கும், கூலியும் நிற்கும். அதை எழுத அவள் வரவில்லை, அவளுக்காக எழுத எவரையும் அமர்த்தவுமில்லை. கோயிலுக்கு எழுத ஆளுண்டு, விடுதிக்கு உண்டு, பறவைக்கும் உண்டு. யாருடைய நலன் மிகுந்து ஒரு கட்டுரை சாய்ந்தது என்று பார்க்கும் நாம், யாருடைய நலன் வராமல் சாய்ந்தது என்றும் பார்க்க வேண்டும். இச்சாய்வுக்கு எந்த நடுவர் குழுவும் தடை போட முடியாது. எழுத வருபவரைக் கூட்டுவதே வழி.

ஆகவே இந்நூலின் முடிபு: நலன் இருப்பது குற்றமன்று, அதை ஒளிப்பதே குற்றம். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும். எல்லாரும் பார்க்கக் குடிக்கட்டும்.

படித்து முடித்தவர் இன்றே உங்கள் ஊர்க் கட்டுரையைத் திறந்து, வரலாற்றுத் தாவலைப் பாருங்கள். ஊரார் என்றால் பெயரடையைக் குறைத்து, சான்று சேர்த்து, நேரே தொகுங்கள். அந்த ஊரில் கடையோ கல்லூரியோ கட்சிப் பதவியோ இருந்தால், முதல் வரியை உரையாடல் பக்கத்தில் எழுதுங்கள்.